மீன் தொட்டியைக் கவிழ்க்கலாமா?



இம்மாதம் ஊறுகாய் வகைகளைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். ஊறுகாய் இன்னும் ஒரு மாதம் ஊறட்டும். அதைவிட அவசரமான கடிதம் ஒன்று வந்திருக்கிறது.

எழுதியவர் குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வசிக்கும் சகோதரி. கணவர் குலை வெட்டுகிறார். இவர் மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறார். மூத்த மகனுக்குப் பதின்மூன்று வயது. பாசார் மாலாமில் ஆறு கப்பி மீன்களை வாங்கி வந்து, பாதியாக அறுத்த நீலத் தோம்பில் தண்ணீர் நிரப்பி, வீட்டுப் பின்புறம் வளர்த்திருக்கிறான். ஆறு மீன் அறுபதாகிவிட்டது. பையனுக்கு ஒரே குதூகலம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப்பையை எறிந்துவிட்டுத் தொட்டியருகில் போய் உட்கார்ந்து விடுவானாம்.

இந்த நேரத்தில் பக்கத்து லயத்துச் சிறுமிக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். உடனே மாமியார், "வீட்டுப் பின்னாலே தண்ணியைத் தேக்கி வைச்சுக்கிட்டிருந்தா காய்ச்சல் வராம என்ன வரும்?" என்று தொடங்கிவிட்டார். கணவரும் தாயின் பக்கம். ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "யார் சொல்வது சரி? நீங்கள் சொன்னால் வீட்டில் கேட்பார்கள்" என்று முடித்திருக்கிறார் சகோதரி.

நான் சொன்னால் மாமியார் கேட்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் மாமியாரின் அச்சத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். டிங்கி விளையாட்டல்ல. 2019-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1,30,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்தக் காய்ச்சல் கண்டது. 182 பேர் இறந்தார்கள். தேங்கிய தண்ணீரில்தான் ஏடிஸ் கொசு பிறக்கிறது என்று அந்த அம்மாள் சொல்வது முற்றிலும் உண்மை. ஆனால் எந்தத் தண்ணீரில் என்பதில்தான் தவறு நேர்கிறது.

ஏடிஸ் கொசுவின் குணத்தைக் கொஞ்சம் கேளுங்கள். அது சாக்கடையை விரும்புவதில்லை. சுத்தமான, அசையாத, சிறிய பாத்திரத்துத் தண்ணீரையே தேடி வரும். முட்டையைத் தண்ணீரில் விடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி மழை பெய்து தண்ணீர் ஏறினால் பொரித்துவிடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறப்பதற்கு நம் ஊர் வெயிலில் ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்தும் கழுவ வேண்டும் என்கிறார்கள் சுகாதாரத் துறையினர்.

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வெட்டு நிறுத்திய மரங்களில் கவிழ்க்காமல் விட்ட மங்குகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மங்கிலும் மழைத்தண்ணீர், ஒவ்வொரு தண்ணீரிலும் கூத்தாடிக்கொண்டிருக்கும் புழுக்கள். மலாய்க்காரர்கள் ஜெந்திக்-ஜெந்திக் என்று எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! அந்தப் புழு மூச்சுவிடுவதற்காக நீர்ப்பரப்புக்கு வந்து தலைகீழாகத் தொங்கும். நம் நிழல் பட்டவுடன் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடும்.

மேலே வந்துதான் மூச்சுவிட வேண்டும் என்பதே அதற்கு வினை. கப்பி மீனின் வாயை உற்றுப் பாருங்கள். அது மேல்நோக்கித் திரும்பியிருக்கும். நீர்ப்பரப்பில் மேய்வதற்கென்றே அமைந்த வாய். பசியுள்ள பத்துக் கப்பி இருக்கும் தொட்டியில் ஒரு புழுவும் கொசுவாகி வெளியே வராது. மீன் உள்ள தொட்டி கொசுவுக்குத் தொட்டில் அல்ல, பொறி. முட்டையிட வரும் கொசு அங்கே இட்டுவிட்டுப் போனால் அதன் சந்ததி அத்தோடு முடிந்தது.

அப்படியானால் பையன் சொல்வதுதான் சரியா? அவசரப்படாதீர்கள். அவனிடம் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தம்பி, தொட்டிக்கு மாற்றும் தண்ணீரை எங்கே பிடித்து வைக்கிறாய்?

மீன் வளர்க்கிறவர்கள் குழாய்த் தண்ணீரை நேராகத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பார்கள். குளோரின் மீனின் செவுளை எரித்துவிடும். ஆகவே வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து பிறகு ஊற்றுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு நாள் என்பது மூன்று நாளாகும். பரீட்சை வந்தால் இரண்டு வாரமாகும். அந்த வாளியில் சுத்தமான, அசையாத, மீன் இல்லாத தண்ணீர். ஏடிஸ் கொசுவுக்குச் சீர்வரிசை வைத்து அழைத்த மாதிரி! இதே போல இன்னும் சில இடங்கள் உண்டு. தொட்டியை மூடப் போட்ட பிளாஸ்டிக் தாளின் பள்ளத்தில் தேங்கிய மழைநீர். மீன்கள் எப்போதோ செத்துப்போய், "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவைத்த பழைய தொட்டி. குஞ்சுகளை மட்டும் பிரித்து வைத்த சின்னப் பேசின். பிறந்து சில நாளான குஞ்சின் வாய்க்கு வளர்ந்த கொசுப்புழு அடங்காது. தொட்டியோரத்தில் அழகுக்கு வைத்த பூச்சட்டியின் அடித்தட்டு.

ஆக, மாமியார் தொட்டியைக் காட்டுகிறார். குற்றவாளி பக்கத்தில் நிற்கும் வாளியாக இருக்கக்கூடும். சகோதரி, கணவர் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு வாளியை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பொறி போய்விடும், தொட்டில் மிஞ்சும்.

இன்னொன்று. 1975-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் இருக்கிறது. வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருந்தால் அதிகாரிகள் அபராதம் போடலாம். "மீன் வளர்க்க வைத்த தண்ணீர்தான் ஐயா" என்று கெஞ்சினாலும் வாளியில் புழு இருந்தால் இருந்ததுதான். வாளியை மெல்லிய துணியால் இறுகக் கட்டி வையுங்கள். அல்லது பிடித்து வைப்பதையே விட்டுவிட்டு, மீன் கடையில் விற்கும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்தை வாங்குங்கள். சில வெள்ளிதான்; பல மாதம் வரும். சில இடங்களில் தண்ணீரில் கலக்கும் குளோராமின் என்ற மருந்து எத்தனை நாள் வைத்தாலும் போகாது. அதற்கும் இந்தச் சொட்டுதான் பதில்.

இந்தக் கப்பி மீன் நம் ஊர் மீனே அல்ல. தென்னமெரிக்காவின் வட பகுதியும் டிரினிடாட் தீவும் அதன் தாயகம். டிரினிடாட்டில் இருந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் சில மீன்களை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பி வைக்க, 1866-இல் அங்கே அவருடைய பெயரையே மீனுக்குச் சூட்டினார்கள். பிறகுதான் தெரிந்தது, 1859-இலேயே பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் அதே மீனுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார் என்று. அறிவியல் நூல்களில் பீட்டர்ஸ் வைத்த பெயர் நின்றது; ஊர் வாயில் கப்பிதான் நின்றது. கொசுவைத் தின்னும் என்பதற்காகவே இதைப் பல நாடுகளுக்குக் கொண்டு போனார்கள். தமிழ்நாட்டில் வீட்டுக் கிணறுகளில் விடும் கம்பூசியாவும் இதன் உறவுதான்.

முட்டையிடாமல் குட்டி போடும் மீன் இது. மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் எல்லாம் இதே வகை. ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை இருபது, முப்பது என்று குஞ்சு பொரித்தே வெளியே வரும். ஒரு தடவை ஆணோடு சேர்ந்த பெண் மீன், அந்த விந்தைப் பல மாதம் உடலில் சேமித்து வைத்துக்கொண்டு, ஆணே இல்லாமல் அடுத்தடுத்து ஈனும். "பெண் மீன் மட்டும்தானே வாங்கினேன், குஞ்சு எப்படி வந்தது?" என்று கேட்டு எனக்கு முன்பு ஒரு வாசகர் எழுதியதற்கு இதுதான் பதில். தாய் மீன் பெற்ற குஞ்சையே தின்னவும் செய்யும். அதைக் கொடூரம் என்று நினைக்க வேண்டாம். மீனுக்குத் தெரிந்தது வாய்க்கு அடங்குவதும் அடங்காததும்தான். தொட்டியில் ஒரு கைப்பிடி நீர்ப்பாசியைப் போட்டால் குஞ்சுகள் அதற்குள் ஒளிந்து பிழைத்துக்கொள்ளும்.

இனித் தொட்டி விஷயத்துக்கு வருவோம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு முதல் எச்சரிக்கை: களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ வந்த தோம்பை எவ்வளவு கழுவினாலும் மீனுக்கோ வீட்டுத் தேவைக்கோ எடுக்காதீர்கள். வாசனை போய்விட்டது என்பதால் மருந்து போய்விட்டதாக அர்த்தமில்லை. எண்ணெய், சாஸ் போன்ற உணவுப் பொருள் வந்த தோம்பு, பழைய குளிப்பாட்டும் தொட்டி, மீன் வியாபாரிகள் தூக்கிப் போடும் வெள்ளை நுரைப்பெட்டி இவை போதும். நுரைப்பெட்டி வெயில் சூட்டை அவ்வளவாக உள்ளே விடாது. ஆரம்பிப்பவர்களுக்கு அதைவிட மலிவான நல்ல தொட்டி கிடையாது.

சிமெண்டுத் தொட்டி கட்டுகிறவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டுப் பின்புறம் அழகாக ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, காய்ந்துவிட்டது என்று எண்ணி, மறுநாளே இருபது மீன்களை விட்டேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால் இருபதும் வயிற்றைக் காட்டி மிதந்தன. எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "புதுச் சிமெண்டுலே சுண்ணாம்பு கக்கும்மா, வாழைத்தண்டு வெட்டிப் போட்டியா?" என்று கேட்டார். போடவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வாழைமரத் தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று வாரம் போன பின்னரே மீன் விட வேண்டும். முதலில் இரண்டே மீனை விட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. ஊற வைக்கும் நாட்களிலும் அதில் கொசு முட்டையிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் மாற்றும்போது சுவரைத் தேய்த்துவிடுங்கள்.

தொட்டியை எங்கே வைப்பது? காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படும் இடம் நல்லது. நண்பகல் வெயில் நேராகப் படக் கூடாது. ஆழமில்லாத தொட்டியில் மதியத் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், தேநீர் கலக்கலாம் போலிருக்கும். குறைந்தது ஒரு முழ ஆழம் இருக்கட்டும். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வைக்க வேண்டாம். மழைநீர் மட்டுமே நிறைந்த தொட்டி நாளடைவில் புளிப்பேறிவிடும். கப்பி, மோலி வகைகளுக்கு அது ஒத்துவராது. கழுவிக் காய வைத்த கெராங் சிப்பி ஓடு ஒரு கைப்பிடியை அடியில் போடுங்கள். அது மெல்லக் கரைந்து தண்ணீரைச் சீராக்கும். மீ கோரேங்கில் சிப்பியைத் தின்றுவிட்டு ஓட்டை எறிகிறோம் அல்லவா, அதற்கும் ஒரு வேலை.

தண்ணீர் பச்சையாகிவிட்டதே என்று பயந்து தினமும் மாற்றாதீர்கள். இளம்பச்சைத் தண்ணீர் குஞ்சுகளுக்கு நல்லது; அதில் அவற்றுக்கு இரை இருக்கிறது. ஆனால் பச்சை கெட்டியாகி, கை மணிக்கட்டு வரை விட்டால் விரல் தெரியாத அளவுக்கு ஆனால் ஆபத்து. அந்தப் பாசி பகலில் பிராணவாயுவைக் கொடுக்கும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். பிரட்டுக்குப் போகும் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று எண்ணித் தீனி போடாதீர்கள்; மூச்சு முட்டுகிறது. உடனே மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும்போது எப்போதும் மூன்றில் ஒரு பங்குதான். முழுவதையும் மாற்றினால் மீனுக்கு ஒரே நாளில் நாடு மாறிய மாதிரி இருக்கும்.

தீனி விஷயத்தில் அன்பே எமன். பசியால் சாகும் மீன்களைவிடத் தீனி மிஞ்சி அழுகிச் சாகும் மீன்களே அதிகம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் ஒரு வேளைத் தீனி. சோற்றுப் பருக்கை, ரொட்டித் துண்டு வேண்டாம். குஞ்சுகளுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கருவை ஒரு மிளகளவு எடுத்துத் துணியில் கட்டித் தண்ணீரில் கசக்கி விடலாம். கடைகளில் கூத்து ஆயர் என்று விற்கும் நீர்ப்பேன் கிடைத்தால் அதைவிடச் சிறந்த தீனி இல்லை. மீனுக்குத் தீனி வேண்டுமென்று வேறு பாத்திரத்தில் கொசுப்புழு வளர்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒரு நாள் மறந்தால் அத்தனையும் பறந்துவிடும்.

வெளித்தொட்டிக்கு எதிரிகளும் உண்டு. பூனை, மீன்கொத்தி எல்லாருக்கும் தெரியும். தெரியாத எதிரி தட்டான். அழகாகப் பறந்து வந்து வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகிறதே, அது முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் புழு தொட்டி அடியில் பதுங்கி இருந்து குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். "அறுபது இருந்தது, இருபதுதான் இருக்கிறது, செத்த மீனையும் காணோம்" என்றால் பாசியைத் தூக்கி உதறிப் பாருங்கள். வாய் மேல் ஒரு கறுப்பு வலை கட்டினால் தட்டானும் பூனையும் ஒன்றாகத் தீரும்.

இப்போது சகோதரியின் தொழிலோடு சேர்ந்த ஒரு விஷயம். மருந்தடித்துவிட்டு வந்த கையோடு, அதே உடுப்போடு, தொட்டியருகில் போகாதீர்கள். பம்பு கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு போதும், தொட்டி காலி. மீனுக்கு ஆகாதது பிள்ளைக்கும் ஆகாது என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக மற்ற மருந்துகளெல்லாம் இளநீர் ஆகிவிடவில்லை. வேலை உடுப்பைத் தனியே கழற்றி, குளித்த பிறகே வீட்டுக்குள் வாருங்கள்.

டிங்கி வந்த இடத்தில் புகை அடிக்க வருவார்கள். உங்கள் லயத்துக்கும் வரக்கூடும். அந்தப் புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஆனால் அதில் கலக்கும் மருந்துகள் பல மீனுக்குக் கொடிய விஷம். வண்டிச் சத்தம் கேட்டதும் தொட்டியைப் பலகையாலோ கெட்டிப் பிளாஸ்டிக்காலோ மூடிவிட்டு, புகை அடங்கியதும் திறந்துவிடுங்கள். மூடிய தாளைத் தொட்டிமேல் உதறாமல் தூரக் கொண்டுபோய்க் கழுவுங்கள்.

ஜொகூர்க்காரர்களுக்கு மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் பக்கம் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட் மக்கள் வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றார்கள். அவ்வளவு வேண்டாம், ஒரு நாள் கனத்த மழைக்கே தொட்டி நிரம்பி வழிந்து மீன்கள் வாசலில் துள்ளும். விளிம்புக்கு நான்கு விரல் கீழே ஒரு துளையிட்டு, மெல்லிய வலைத்துணி ஒட்டிவிடுங்கள். தண்ணீர் போகும், மீன் போகாது.

போனால் போகட்டும், ஆற்றில் போய்ப் பிழைக்கட்டுமே என்று சிலர் நினைக்கிறார்கள். அலுத்துப்போன மீன்களைக் கருணையோடு கால்வாயில் கொண்டுபோய் விடுகிறவர்களும் உண்டு. இது கருணை அல்ல. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய உறிஞ்சுவாய் மீனை, வளர்ந்து பெரிதானதும் இப்படித்தான் ஆற்றில் விட்டார்கள். தொட்டியைத் துப்புரவு செய்வதால் அதற்கு மலாயில் இக்கான் பண்டாராயா, அதாவது மாநகராட்சி மீன், என்று வேடிக்கையாகப் பெயர். இன்று ஆற்றில் வலை போடுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். நல்ல மீன் வர வேண்டிய வலையில் அதுவே நிறைகிறது.

நம் ஜொகூர்ச் சிற்றோடைகளும் கரிச்சதுப்பு நிலங்களும் சாமானியமானவை அல்ல. தேநீர் நிறத் தண்ணீரில், உடம்பின் பின்பாதியில் கறுப்பு முக்கோணம் போட்ட ஒரு சின்ன மீனைப் பார்த்திருப்பீர்கள். ஹார்லெக்வின் ராஸ்போரா என்று உலகமெங்கும் மீன் கடைகளில் விற்பது அதுதான். 1904-இல் டங்கர் என்ற ஜெர்மானியர் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். நம் பிள்ளைகள் துண்டை விரித்துப் பிடித்து விளையாடிய மீன்! ஜொகூரின் சதுப்புக்காட்டில் இருக்கும் பெர்செஃபோனே என்ற கறுப்புச் சண்டை மீன் 1986-இல்தான் அறிவியல் நூலில் ஏறியது. காடு வடிக்கப்பட்டு அதன் இடம் இப்போது மிகவும் சுருங்கிவிட்டது. இருக்கிற கொஞ்ச இடத்தில் நம் தொட்டி மீனையும் அதன் நோயையும் கொண்டுபோய் விட வேண்டாம். மிஞ்சிய மீன்களைப் பிள்ளையின் தோழர்களுக்குக் கொடுங்கள், பள்ளிக்கூடத்துக் குளத்துக்குக் கேட்டால் கொடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் சகோதரி இன்னொன்றும் கேட்டிருந்தார். "இதில் பணம் வரும் என்கிறார்களே, உண்மையா? கூட்டுக் காசு எடுத்துப் பத்துத் தொட்டி போடலாமா?"

வரும். யாருக்கு என்பதுதான் கேள்வி. நாட்டில் அலங்கார மீன் உற்பத்தியில் முன்னணியில் நிற்பது ஜொகூர்தான். காரணம் தூரமில்லை. 1924-இல் திறந்த பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூர்; உலகெங்கும் அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் பெரிய சந்தை. அங்கே நிலத்துக்குப் பஞ்சம், இங்கே நிலமும் தண்ணீரும். ஆனால் அந்தப் பண்ணைகள் ஏக்கர் கணக்கில் குளம் வெட்டி, ஒரே நிறத்தில், ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் மீன் கொடுப்பவை. வியாபாரி கேட்பது அதைத்தான். உங்கள் மகனின் தொட்டியில் இருப்பது பல ஜாதி கலந்த அறுபது மீன். அழகாகத்தான் இருக்கும். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலம் தீனிக்கு மாற்றிக்கொள்வார். அதுவும் நல்ல ஆரம்பம்தான். மீன் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது.

நல்ல விலை வேண்டுமென்றால் ஜாதியைக் காக்க வேண்டும். ஒரே வகையில் இரண்டு ஆண், நான்கு பெண் வாங்கித் தனித் தொட்டி. பிறந்த குஞ்சுகளில் மூன்று நான்கு வாரத்திலேயே ஆண் பெண் அடையாளம் பார்த்துப் பிரித்துவிட வேண்டும். சற்றுப் பிந்தினாலும் பெண் மீன் ஏதோ ஓர் ஆணின் விந்தைச் சேமித்துக்கொண்டுவிடும். வால் கோணியது, நிறம் மங்கியது எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். இதற்குப் பொறுமையும் கண்ணும் வேண்டும், பணம் அல்ல. ஆகவே கூட்டுக் காசைத் தொடாதீர்கள். அது பிள்ளையின் படிப்புக்கோ வீட்டு முன்பணத்துக்கோ இருக்கட்டும். ஒரு தொட்டி ஆறு மாதம் சரியாக நடந்தால், அது சம்பாதித்த காசில் இரண்டாவது தொட்டி போடுங்கள். "முந்நூறு வெள்ளி கட்டுங்கள், மீன் நாங்களே தருகிறோம், குஞ்சை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது லயத்துக்கு வந்தால், குஞ்சை வாங்கும்போது தரும் பணத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். மேலும் விவரம் வேண்டுவோர் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை.

கெலிசா மீனைப் பற்றியும் சிலர் ஆசை காட்டுவார்கள். பத்து பகாட் பக்கத்துப் பண்ணைகளில் வளரும் அந்த அரவானா விலை உயர்ந்ததுதான். ஆனால் 1975 முதல் உலக உடன்படிக்கையின் கீழ் காக்கப்படும் மீன் அது. பண்ணைக்கு அனுமதி, மீனுக்குள் அடையாளச் சில்லு என்று எத்தனையோ விதிகள். நம் தோம்பில் வளரும் சரக்கு அல்ல.

சகோதரி, ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கணவர், மாமியார், மகன் எல்லாரும் ஒரு கைவிளக்கோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். தொட்டிக்குள் விளக்கடித்து ஐந்து நிமிடம் பாருங்கள், ஒரு புழு தெரிகிறதா என்று. பிறகு வாளி, மூடித்தாள், பூச்சட்டித் தட்டு, கூரைப் பீலி, பழைய டயர், குளிப்பறைத் தொட்டி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். புழு கிடைத்த பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்க்கட்டும் உங்கள் கணவர். குளிப்பறைத் தொட்டியைக் கவிழ்க்க முடியாது. அதில் மகன் தன் தொட்டியிலிருந்து இரண்டு கப்பியை எடுத்து விடட்டும். மாமியாரிடம் அந்த இரண்டு மீனையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

பக்கத்து லயத்துச் சிறுமி வீடு திரும்பிவிட்டாளா என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள். வாளியில் புழு இருந்ததா, இல்லையா என்பதையும்.